பழைய புல்லட்டுக்குச் சிவப்பு பேஸ்ட் வேண்டாம்

இந்த மாதமும் ஒரு பழைய புல்லட் மினி லாரியில் ஏறி வந்தது. திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு என்ஜின். என்ஜினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவரைக் கழற்றினால் உள்விளிம்பு முழுக்கச் சிவப்பு சிலிக்கான், அதாவது கசிவை அடைக்கத் தடவும் பேஸ்ட், பிதுங்கி நிற்கிறது. அதிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு ஆயில் போகும் வழியை அடைத்துவிட்டது. கனெக்டிங் ராடு கிராங்கில் சேரும் இடத்து பேரிங்கான பிக்எண்ட் போச்சு. கிராங்கையே பிரித்தாக வேண்டும். நாலு சொட்டுக் கசிவை நிறுத்தப் போய் வந்த வினை இது.

"நிறைய போடுங்கண்ணே, கசியக் கூடாது" என்று வண்டிக்காரரே சொல்கிறார். தயவுசெய்து சொல்லாதீர்கள். நட்டை முறுக்கியதும் கூடுதல் பேஸ்ட் முழுக்கப் பிதுங்கிவிடும். நடுவில் தங்குவது மெல்லிய படலம்தான். பட்டாணி அளவு போட்டாலும் ஒரு டியூபையே காலி செய்தாலும் அவ்வளவுதான் தங்கும். வெளியே வழிந்ததைத் துணியால் துடைக்கிறீர்கள். உள்ளே வழிந்ததை யார் துடைப்பது? புல்லட்டில் ஆயில் பம்புகள் டைமிங் கவரில்தான் இருக்கின்றன. பிக்எண்டுக்கான ஆயிலும் அந்தக் கவரின் துளை வழியாகவே கிராங்க் முனைக்குப் போகிறது. போயும் போயும் அங்கேயா அப்புவது?

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. முதலில் என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து காற்றை வெளியேற்றும் பிரீதரைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் எந்த பேஸ்ட்டையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். அடுத்து, கவரைக் கண்ணாடிப் பலகையில் வைத்து ஆட்டிப் பாருங்கள்; ஆடினால் வளைந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்த தழும்பு பாதி வண்டிகளில் இருக்கிறது. பழைய பேக்கிங்கை (மூடிக்கு நடுவே வைக்கும் காஸ்கெட்) மரச் சீவலால் சுரண்டுங்கள், போதும்.

டைமிங் கவருக்குப் பேப்பர் பேக்கிங், இரண்டு பக்கமும் லேசாகக் கிரீஸ். பம்ப் மூடியில் பேஸ்ட்டே கூடாது. கிளட்ச் பக்கத்து மூடியான பிரைமரி கவரை இறுக்குவது நடுவில் ஒற்றை நட். ரப்பர் வளையம் புதிதாக இருந்தால் அளவான முறுக்கு போதும், வெறியோடு முறுக்கினால் கவர்தான் வளையும்.

கிராங்க்கேஸின் இரு பாதிகளுக்கு நடுவே பேக்கிங் கிடையாது. அங்கே மட்டும் ஹைலோமார் போல இறுகாத வகை பேஸ்ட், மெல்லிய பூச்சாக. யமஹா ஆர்எக்ஸ் 100-லும் அந்த இடத்தில் பேக்கிங் இல்லை, ஆனால் ஆபத்து வேறு. டூ ஸ்ட்ரோக் என்பதால் இடைவெளி வழியே காற்று உள்ளே இழுக்கும், பெட்ரோல் கலவை மெலியும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். தரையில் ஒரு சொட்டும் விழாது.

கார்ப்பரேட்டரிலும் பெட்ரோல் டேப்பிலும் சாதாரண சிலிக்கான் கூடவே கூடாது. பெட்ரோல் பட்டால் ஊதி, பிய்ந்து, கார்ப்பரேட்டரின் நுண்துளையான ஜெட்டுக்குப் போகும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை அலுமினியத்தில் தடவாதீர்கள், அரிக்கும்.

ஏற்கெனவே உங்கள் என்ஜின் ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிகிறதா? இனி ஓட்டாதீர்கள். கவரைக் கழற்றி, உள்விளிம்பில் தொங்குவதை எடுத்துவிட்டு, ஆயிலை வடித்து, ஃபில்டரிலும் சல்லடையிலும் துண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கிக்கர் மேல் காலை வையுங்கள்.