மண்டபம் இல்லாத கல்யாணங்கள்: படமெடுப்பவர் முன்பே கேட்டு வைக்க வேண்டியவை

மண்டபத்தை விட்டுவிட்டு, தங்களுக்கு நெருக்கமான ஓர் இடத்தில் கல்யாணம் வைத்துக்கொள்ள விரும்பும் ஜோடிகள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். முதலில் பேசிக்கொண்ட நூலகம், படித்த கல்லூரி, வார இறுதியில் சுற்றிய அருங்காட்சியகம் என்று நகரத்துக்குள்ளேயே ஏதோ ஓர் இடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை எதுவும் விழாவுக்கென்று கட்டியவை அல்ல என்பதால் படமெடுப்பவருக்கு வேலை இரட்டிப்பு.

முகவரியைக் குறித்துக்கொள்ளும்போதே, அங்கே உங்களுடைய மூலை எது என்று கேட்டுவிடுவேன். பதில் பெரும்பாலும் விசித்திரமாக இருக்கும். கம்பீரமான முகப்பையும் வளைந்த படிக்கட்டையும் அவர்கள் கண்டுகொண்டதே இல்லை; இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னலோர மேசைதான் எல்லாம். மேலே குழல்விளக்கு, பின்னால் தீயணைப்பான் என்று அது எப்படி இருந்தாலும் அங்கே எடுத்துத்தான் ஆக வேண்டும். 35 மி.மீ. லென்ஸ் வைத்தால் சுற்றுப்புறமும் சேர்ந்து வரும். 85 மி.மீ. லென்ஸை மாட்டிப் பின்னணியைக் கரைத்துவிட்டால் அவ்வளவு தூரம் போனதற்கே அர்த்தமில்லை. குடும்பப் படத்தை மட்டும் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள், மேசையருகே பத்துப் பேர் நிற்க முடியாது.

அடுத்தது அனுமதி. விழா நடத்த வாங்கிய அனுமதியிலேயே படமெடுப்பதும் அடக்கம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறாக இருக்கலாம். அருங்காட்சியகங்களில் ஃப்ளாஷுக்கும் ட்ரைபாடுக்கும் தடை இருப்பது சகஜம். ட்ரோன் என்றால் கதையே வேறு. அலுவலகத்தில் வாயால் சொன்ன 'சரி' அன்றைக்கு வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தெரியாது. எழுத்தில் வாங்கி, அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

ஒளியைப் பார்க்க, விழா நடக்கப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை போய்வர வேண்டும். சூரியன் மறையும் நேரத்தைச் செயலியில் பார்த்துவிட்டு நம்பிப் போகாதீர்கள். எதிரே உயரமான கட்டடம் இருந்தால் வெயில் அதற்கு வெகு முன்பே போய்விடும். சில சமயம் எதிர்ப்புறக் கண்ணாடிச் சுவர் வெயிலைத் திருப்பி அடித்து, நிழல் விழுந்த தெருவிலும் அருமையான ஒளி தரும். அது கொஞ்ச நேரம்தான்.

உள்ளே போனால் வேறு தொல்லை. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் 5500-ஐ ஒட்டி இருக்கும், மஞ்சள் பல்பு 3000-க்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் ஆரஞ்சு. எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர் அதை உட்கார்ந்து சரிசெய்து பார்த்திருக்க மாட்டார். முடிந்தால் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஃப்ளாஷைக் கூரைக்குத் திருப்பி அடிக்கும் வித்தை ரொம்ப உயரமான கூரையில் பலிக்காது. மரக்கூரை என்றால் முகமெல்லாம் பழுப்பேறும்.

சத்தம் வரக்கூடாது என்று, திரை அசையாமல் படம் பிடிக்கும் மின்னணு ஷட்டருக்கு மாறுபவர்கள் எல்இடி விளக்குகளைக் கவனிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் தரம் குறைந்த எல்இடி விநாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120 அல்லது 1/60. முன்கூட்டியே போகும்போது நாலைந்து படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பொது இடம் என்றால் முன்பின் தெரியாதவர்களும் படத்துக்குள் வருவார்கள். புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்து மணப்பெண்ணைப் பார்க்கும் ஒருவர் படத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கும். சில ஜோடிகளுக்குப் பிடிக்காது, முதலிலேயே பேசிவிடுவது நல்லது. பிறர் வீட்டுக் குழந்தையின் முகம் தெளிவாகத் தெரிந்தால், பெற்றோரைக் கேட்காமல் நான் எங்கும் வெளியிடுவதில்லை. உங்கள் விளம்பரத்துக்கு அந்தப் படங்களைப் பயன்படுத்த சில இடங்களின் நிர்வாகம் தனி அனுமதி கேட்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.