போர்டு செத்துவிட்டதா, பேச மறுக்கிறதா?

வைஃபை வசதியுள்ள சிப் கொண்ட இஎஸ்பி32 போர்டில் புது ஃபர்ம்வேர் (போர்டை இயக்கும் நிரல்) ஏற்றும்போது பாதியில் நின்றுபோனால், "போர்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அநேகமாகப் போயிருக்காது. நாம் எழுதுவதும் அழிப்பதும் ஃப்ளாஷ் நினைவகத்தில். சிப்புக்குள் தயாரிப்பின்போதே பதித்த பூட் ரோம் (சிப் எழுந்ததும் முதலில் ஓடும் நிரல்) வேறு. அதை அழிக்க முடியாது. ஃப்ளாஷ் முழுக்கக் குப்பையானாலும், ரோம் விழித்தெழுந்து புது நிரலை வாங்கிக்கொள்ளும்.

கணினியில் போர்ட் (போர்டு இணைந்திருக்கும் வாசல்) பெயரே வரவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிள்களில் டேட்டா கம்பி இருக்காது. அடுத்து, போர்டில் யூஎஸ்பி-யைச் சிப்போடு பேசவைக்கும் துணைச் சிப் சிபி2102-ஆ, சிஎச்340-ஆ என்று பார்த்து அதற்குரிய டிரைவரைப் போடுங்கள்.

போர்ட் தெரிகிறது, ஆனால் "கனெக்டிங்" என்று புள்ளிகளாக ஓடி நேரம் கடந்து நிற்கிறதா? சிப் டவுன்லோட் நிலைக்கு வரவில்லை. ரீசெட் முடியும் கணத்தில் ஜிபிஐஓ0 பின் (சிப்பின் இணைப்புக் கால்களில் ஒன்று) தாழ்நிலையில், அதாவது 0 வோல்ட் அருகே இருந்தால்தான் ரோம் புது நிரலுக்குக் காத்திருக்கும். போர்டிலுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள் இதைத் தானாகச் செய்ய வேண்டும். சில போர்டுகளில் ரீசெட்டுக்கான இஎன் பின் சற்று முந்தி எழுந்துவிடும். ஜிபிஐஓ0 அதற்குள் இறங்கியிருக்காது. அப்போது பூட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இஎன் பொத்தானை ஒருமுறை தட்டி, பிறகு பூட்டை விடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படித் தட்ட அலுத்தவர்கள், இஎன்-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையிலான மின்தேக்கி ஒன்றை வைத்தால் போதும். எலக்ட்ரோலிட்டிக் என்றால் எதிர்முனை கிரவுண்டுக்கு. ஜிபிஐஓ1, 3 பின்களில் ஜிபிஎஸ் மாட்யூல் எதுவும் மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள்; அவைதான் ஏற்றும் பாதை.

போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டரை 115200 வேகத்தில் திறந்து, இஎன்-ஐத் தட்டினால் முதல் சில வரிகளுக்குள் 'பூட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஹெக்ஸ் (16-அடிமான) எண் வரும். பலர் தாண்டிப் போய்விடுகிற அந்த எண்ணில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. ரீசெட் நொடியில் ஆறு பின்கள் எந்த நிலையில் இருந்தன என்பதன் பதிவு அது. அதன் இரண்டு இலக்கங்களில் இடப்பக்கத்தில் 1 என்றால் ஜிபிஐஓ0 உயர்ந்திருந்தது. 2 என்றால் ஜிபிஐஓ12. 3 என்றால் இரண்டும். வழக்கமாக வருவது 13. டவுன்லோட் நிலையில் 3. வந்தது 33 என்றால், கூடவே 'ஃப்ளாஷ் ரீட் எர்ரர்' என்றும் வந்தால், குற்றவாளி ஜிபிஐஓ12.

அந்தப் பின் உயர்ந்திருந்தால், ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் எடுத்துக்கொள்ளும். சாதாரண ரூம்-32 மாட்யூலின் ஃப்ளாஷ் 3.3 வோல்ட் கேட்பது. அது வாயே திறக்காது. எஸ்டி கார்டை நான்கு கம்பி முறையில் இணைத்தால் இது சர்வசாதாரணம், ஏனென்றால் கார்டின் ஒரு டேட்டா கம்பிக்கு ஜிபிஐஓ12-இல் புல்அப் (பின்னை உயர்நிலையில் வைக்கும் மின்தடை) வேண்டும். கார்டைக் கழற்றி ஏற்றிப் பாருங்கள். இஃப்யூஸ் (சிப்புக்குள் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய பிட்) எரித்து 3.3 வோல்ட்டை நிலையாக்கவும் வழி உண்டு, ஆனால் எரித்ததைத் திருப்ப முடியாது. இன்னொரு வகையான ரோவர் மாட்யூல்கள் சிலவற்றுக்கு 1.8 வோல்ட்தான் சரி என்பதால், மாட்யூலின் பெயரைப் படிக்காமல் இதில் கைவைக்காதீர்கள்.

இணைப்பு கிடைத்து, எழுதும்போது அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். நிரலை ஏற்றும் கருவியான எஸ்பிடூல் 115200-இல் பேசத் தொடங்கி, பிறகுதான் 921600 போன்ற வேகத்துக்குத் தாவும். நீளமான கேபிளோ மலிவான யூஎஸ்பி ஹப்போ அங்கேதான் தடுமாறும். ஏற்றி முடிந்தபின் வைஃபை தொடங்கும்போது 'பிரவுன்அவுட்' (மின்னழுத்தம் சரிந்தது) என்ற செய்தி வந்தால் குறை மின்சாரத்தில்; 500 மில்லிஆம்பியராவது தரக்கூடிய சப்ளை வேண்டும்.

வெற்றிகரமாக ஏறிவிட்டது, ஆனால் 'இன்வாலிட் ஹெடர்' என்று எஃப் எழுத்துகளாகக் கொட்டுகிறதா? ஆப்பைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் இருக்க வேண்டிய இடம் காலி. பழைய இஎஸ்பி32-இல் அதன் முகவரி ஹெக்ஸ் 1000. அதன் பிந்தைய வகைகளான எஸ்3, சி3 சிப்களில் 0. ஒன்றுக்கான கட்டளையை மற்றதற்கு ஒட்டினால் இதுதான் நடக்கும். ஃப்ளாஷில் எது எங்கே என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை ஹெக்ஸ் 8000-இல், ஆப் (நாம் எழுதிய நிரல்) பெரும்பாலும் ஹெக்ஸ் 10000-இல்.

கேபிள் இல்லாமல் வைஃபை வழியே ஏற்றும் ஓடிஏ-வில் வேறொரு பொறி. ஓடிஏ-வுக்கு ஆப் வைக்க இரண்டு இடம் வேண்டும். 4 எம்பி ஃப்ளாஷில் ஆர்டுயினோவின் வழக்கமான அமைப்பு ஒவ்வொன்றுக்கும் 13,10,720 பைட் ஒதுக்குகிறது. நிரல் பெருத்துவிட்டது என்று 'ஹியூஜ் ஆப்' அமைப்புக்கு மாறியிருந்தால் இரண்டாவது இடமே கிடையாது. வழக்கமான ஓடிஏ ஆப்பை மட்டுமே எழுதும், பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது. ஆகவே அமைப்பை மாற்ற கேபிளை எடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றபடி, ஓடிஏ நடுவில் கரண்ட் போனால் பயமில்லை. புதியது முழுதாக எழுதிச் சரிபார்க்கப்படும்வரை, எதை இயக்குவது என்ற குறிப்பு பழைய ஆப்பையே காட்டிக்கொண்டிருக்கும்.