மிருகம்: மானைச் சொன்ன வாய் மனிதனைத் திட்டுகிறது

"நீயெல்லாம் மனுஷனா, மிருகமா?" என்று கேட்டால் பதில் யாருக்கும் வேண்டியதில்லை. திட்டு விழுந்தாகிவிட்டது. இரக்கமில்லாதவன், வெறி பிடித்தவன் என்பதுதான் இங்கே பொருள். நேர்ப்பொருளில் நாலுகால் பிராணி, அவ்வளவுதான்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே 'ம்ருக' காட்டு விலங்கையும் குறிக்கும், குறிப்பாக மானையும் குறிக்கும். மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயருக்கு மான்தலை என்றுதான் அர்த்தம். கானல் நீருக்கு அங்கே 'மிருகதிருஷ்ணா', அதாவது மானின் தாகம். இந்தியில் இன்றும் 'ம்ருக்' என்றால் மான். தமிழில் மான் கழன்றுபோய், பொதுப்பொருள் மட்டும் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் கதை தலைகீழ்: மானைக் குறிக்கும் 'டீர்' பழைய காலத்தில் எல்லா விலங்குக்கும் பொதுப்பெயர். சாதுவான மானின் பெயரைக் கொடூரனுக்குச் சூட்டுகிறோம் என்று நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? விலங்கு. இதன் அடியில் கிடக்கும் பொருள் 'குறுக்கு'. மனிதன் நெட்டுக்குத்தலாக நிற்கிறான். மாட்டுக்கும் புலிக்கும் உடல் குறுக்குவாட்டில் கிடக்கிறது. குறுக்கே நிற்கும் மலைக்கு விலங்கல் என்று பெயர். கைவிலங்கும் இந்தக் குடும்பம்தான். விலங்கை வைத்து மட்டம் தட்டுவதும் நமக்குப் புதிதல்ல. "விலங்கொடு மக்கள் அனையர்" என்ற குறளில் (410) படிக்காதவரைப் படித்தவரோடு ஒப்பிட்டால், விலங்கை மனிதரோடு ஒப்பிட்டது போலத்தான்.

இன்னும் பழைய சொல் மா. அரிமா (சிங்கம்), கடமா (காட்டுப்பசு) என்பவற்றில் இருப்பது இதுவே. மாக்கள் என்ற சொல்லை ஐயறிவு மட்டும் உள்ள மனிதர் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். கேட்டுச் சுவைக்கத் தெரியாமல் வாய்ருசி மட்டும் அறிந்தவர்களை "வாயுணர்வின் மாக்கள்" என்கிறது குறள் (420). ஆனால் எல்லா இடத்திலும் இது வசையல்ல. நற்றிணையின் "ஆறுசெல் மாக்கள்" வெறும் வழிப்போக்கர்கள்தான்.

மிருகத்தனம் என்பதற்கு விலங்காண்டித்தனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. தூய தமிழ்தான், ஆனால் கோபத்தில் நாக்கில் வராது. திட்டுவதற்கு 'விலங்கே' போதும். செய்தியில் 'மிருகத்தனமான தாக்குதல்' என்று வருகிற இடத்தில் 'கொடிய தாக்குதல்' என்று எழுதலாம். பசிக்குக் கொல்லும் புலியை அதில் இழுக்க வேண்டியதில்லை.