ஒரு சென்டிமீட்டர் வெட்டுக்குள் ஒரு காடு

50 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சங்கிலி. அதன் நுனியில் ஒரு சின்னத் தகடு. தகட்டில் சரியாக ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வெட்டு. பின்லாந்தில் சொந்தக் காடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பழக்கமான கருவி இது. ரெலாஸ்கோப் என்று பெயர். 1940களில் வால்டர் பிட்டர்லிக் என்ற ஆஸ்திரிய வனவியலாளர் கண்டுபிடித்த முறை.

சங்கிலியின் ஒரு முனையைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்து, தகட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சுயரத்தில் அந்த வெட்டு வழியாகப் பார்க்க வேண்டும். வெட்டை விட மரம் அகலமாகத் தெரிந்தால் கணக்கில் சேரும். ஒல்லியாகத் தெரிந்தால் விட்டுவிடலாம். சுற்றி முடிக்கும்போது 28 மரங்கள் சேர்ந்திருந்தால், அங்கே ஒரு ஹெக்டேருக்கு 28 சதுர மீட்டர் மரம் நிற்கிறது. அதாவது, அந்த ஹெக்டேரில் உள்ள எல்லா மரங்களையும் நெஞ்சுயரத்தில் அறுத்தால், வெட்டுமுகங்களின் மொத்தப் பரப்பு அவ்வளவு.

எந்த மரத்தையும் தொடவில்லை, நாடாவால் அளக்கவில்லை. பிறகு எப்படி? 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரம் 10 மீட்டருக்குள் நின்றால்தான் வெட்டை நிரப்பும். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். அந்த மரத்தின் வெட்டுமுகமோ 0.0314 சதுர மீட்டர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 40 சென்டிமீட்டர் மரம் 20 மீட்டர் வரை கணக்கில் வரும். அதற்கும் போட்டுப் பாருங்கள், அதே பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆகவே மரம் பெரியதோ சிறியதோ, எண்ணிய ஒவ்வொன்றும் ஹெக்டேருக்கு ஒரு சதுர மீட்டரைக் குறிக்கிறது. பள்ளிக்கூடக் கணக்கு இவ்வளவு அழகாக வேலை செய்யும் இடங்கள் குறைவு.

மரங்களின் சராசரி உயரம் 20 மீட்டர் என்றால் 28-ஐ 20-ஆல் பெருக்கி, மரம் மேலே போகப் போக மெலிவதால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெக்டேருக்குச் சுமார் 250 கனமீட்டர் மரம். தென் பின்லாந்தில் ஒரு ஹெக்டேர் காடு வருடத்துக்குச் சராசரியாக 6, 7 கனமீட்டர் வளர்கிறது. இருப்பு தெரியும், வரவு தெரியும். வரவுக்கு மேல் செலவு செய்யாமல் இருப்பதுதான் நிலைத்த காட்டுப் பராமரிப்பின் முதல் விதி.

பின்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடு. அதில் பாதிக்கு மேல் சாதாரணக் குடும்பங்களுடையது. ஆசிரியர், செவிலியர், ஓய்வுபெற்ற விவசாயி என்று லட்சக்கணக்கானோர். ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 30 ஹெக்டேர், நம் கணக்கில் 75 ஏக்கர். நட்ட கன்று முழுமரமாகி அறுவடைக்கு வர 60 முதல் 100 வருடம் ஆகும். தாத்தா நட்டதைப் பேத்தி விற்கிறாள். காட்டை அழிய விடக்கூடாது என்று 1886-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. முற்றாக வெட்டினால் மறுபடி காடு வளர்த்தே ஆக வேண்டும். வெட்டும் முன் வனத்துறை மையத்துக்கு அறிவிக்க வேண்டும்.

சரி, சட்டம் இருக்கும்போது காட்டுக்குத் தனியாகச் சான்றிதழ் எதற்கு? பேப்பர் வாங்கும் ஜெர்மன் பதிப்பகத்துக்கு பின்லாந்துச் சட்டம் தெரியாது. இந்த மரம் எந்த நிலையில் உள்ள காட்டிலிருந்து வந்தது என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள். இப்படிக் காடுகளுக்குச் சான்றிதழ் தரும் முறைகளில் ஒன்றான எஃப்எஸ்சி 1993-ல் தொடங்கியது. ஆனால் 30 ஹெக்டேர்காரர் தணிக்கையாளரைத் தனியாக வரவழைத்தால் செலவு கட்டாது. ஐரோப்பாவின் சிறு காட்டு உடைமையாளர்கள் 1999-ல் பிஇஎஃப்சி என்ற இன்னொரு சான்றிதழ் அமைப்பைத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதில் ஒரு வட்டாரத்துக்கே ஒரே சான்றிதழ். குடும்பங்கள் குழுவாகச் சேர்கின்றன. தணிக்கையாளர் எல்லாக் காட்டுக்கும் போவதில்லை, மாதிரிக்குச் சிலவற்றைப் பார்க்கிறார். அப்புறம் லாரி, மரம் அறுக்கும் ஆலை, காகித ஆலை என்று ஒவ்வொரு கையிலும் சான்று பெற்ற மரத்துக்குத் தனிக் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே அறுந்தாலும் அட்டையால் செய்த பால் டப்பாவில் சான்றிதழ் முத்திரை போட முடியாது. இன்று பின்லாந்தின் வணிகக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்தச் சான்றிதழின் கீழ் இருக்கிறது.

தணிக்கையாளர் பார்க்கும் இடங்களில் அடிக்கட்டையும் ஒன்று. வெயில் காலத்தில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை வெட்டினால், புதிய வெட்டுமுகத்தில் வேரழுகல் பூஞ்சையின் வித்துகள் காற்றில் வந்து விழும். வேரோடு வேர் தொடும் இடத்தில் பக்கத்து மரத்துக்குத் தாவி, உள்ளிருந்தே அழுகவைக்கும். அதற்கு மருந்தும் ஒரு பூஞ்சைதான். அடிமரத்தை அழுகவைக்கும் இன்னொரு சாதுவான இனத்தின் வித்துகளை நீரில் கலந்து, வெட்டும்போதே இயந்திர வாளின் வழியாக அடிக்கட்டையில் பீய்ச்சுகிறார்கள். முந்திக்கொண்டவர் இடம் பிடிக்கிறார், பின்னால் வரும் எதிரிக்கு இடமில்லை. கலவையில் நீலச் சாயம் சேர்ப்பதால், மருந்து முழுதாகப் பட்டதா என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். தென், மத்திய பின்லாந்தில் வெப்ப மாதங்களில் இது சட்டப்படியே கட்டாயம்.

இதுவரை எல்லாம் அளக்க முடிந்தவை. என் கவலை அளக்கக் கடினமானதைப் பற்றி. பின்லாந்துக் காட்டில் சுமார் 4,000 முதல் 5,000 உயிரினங்கள் செத்த மரத்தை நம்பி வாழ்கின்றன: வண்டுகள், பூஞ்சைகள், பாசிகள். மனிதக் கை படாத காட்டில் விழுந்தும் நின்றும் மக்கும் மரம் ஏராளம். பராமரித்த காட்டில் அது வெகு குறைவு, ஏனென்றால் சாகும் முன்பே மரம் ஆலைக்குப் போய்விடுகிறது. ரெலாஸ்கோப் சொல்லும் இருப்பு ஏறிக்கொண்டே இருந்தாலும் அதற்குள் வாழ்பவை குறைந்துகொண்டே போக முடியும். 2019-ல் வெளியான அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில், மதிப்பிட்ட இனங்களில் ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று அழியும் அபாயத்தில் இருந்தது. அவற்றில் மிகப் பெரிய பங்கு காட்டு இனங்கள்.

சான்றிதழ் விதிகள் இதைக் கவனிக்காமல் இல்லை. முற்றாக வெட்டும்போதும் ஹெக்டேருக்குச் சில மரங்களை நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். ஓடைக் கரையில் மரங்களோடு ஒரு காப்புப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். செத்து நிற்பதை அப்படியே விட வேண்டும். எஃப்எஸ்சி இன்னும் கறாராக, நிலத்தில் 5 சதவீதத்தை மரத்தொழிலிலிருந்தே ஒதுக்கச் சொல்கிறது. என் கணிப்பில் அப்படி விட்டுவைக்கும் பத்துப் பதினைந்து மரம் போதாது. சட்டத்தின் குறைந்தபட்ச வரம்புக்குச் சற்று மேலே நிற்பதைப் பெரிய சாதனையாகக் காட்டும் ஆபத்து முத்திரைக்கு உண்டு.

ஆனால் சொந்தக்காரர் மனம் வைத்தால் செய்ய நிறைய இருக்கிறது. மெல்லிய பிர்ச் மரத்தையோ கோணலான ஆஸ்பெனையோ அடியோடு அறுக்காமல், மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் வெட்டி நிற்க விடச் சொல்லலாம். இயந்திரம் ஓட்டுபவருக்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆகாது. விலை போகாத மரம்தான். சில வருடங்களில் பட்டை உரியும், வண்டு துளைக்கும், வண்டைத் தேடி மரங்கொத்தி வரும். பெரிய ஆஸ்பெனை வெட்டாமலே விட்டால் மரங்கொத்தி அதில் பொந்து குடையும். அது காலி செய்த பொந்தில் பறக்கும் அணில் குட்டி போடும். அந்த அணில் கூடு கட்டிய மரத்தை அதன்பின் யாரும் தொட முடியாது. அதைச் சட்டமே காக்கிறது.