நைட் கிளப் பெண்களும் சினிமா காட்டாத வேலையும்

வயிற்றெரிச்சல் என்று ஒரு பெண் மூன்று முறை என்னிடம் வந்தார். என்ன வேலை என்று கேட்டதற்கு, கால் சென்டரில் இரவு ஷிப்ட் என்றார். மது உண்டா என்றேன், இல்லை என்றார். அதை நம்பி மாத்திரை எழுதிக் கொடுத்தேன். எரிச்சல் குறையவில்லை. நான்காவது முறைதான் உண்மையைச் சொன்னார். நைட் கிளப்பில் ஹோஸ்டஸ். வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவர்கள் வாங்கித் தருவதைக் குடிக்க வேண்டும். மேஜையில் எத்தனை கிளாஸ் விற்கிறதோ அதற்கேற்பக் கமிஷன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொன்னா சினிமாவுல வர்ற பொண்ணு மாதிரிதானே டாக்டர் பார்ப்பீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

படங்களில் இந்தப் பெண்ணுக்கு என்ன வேலை? வில்லன் பக்கத்தில் நிற்பாள், ஒரு பாட்டுக்கு ஆடுவாள், கடைசியில் நாயகனுக்கு வரும் குண்டைத் தான் வாங்கிக்கொண்டு அவன் மடியில் சாவாள். கொஞ்சம் இரக்கமுள்ள இயக்குநர் என்றால் நோயாளித் தாய், தம்பியின் படிப்புச் செலவு, ஏமாற்றிய காதலன் என்று ஒரு சோகக்கதை சேரும். இரண்டு வகையிலும் கேள்வி ஒன்றுதான்: இவள் நல்லவளா, கெட்டவளா? எத்தனை மணி நேரம் ஹீல்ஸில் நிற்கிறாள், எப்போது சாப்பிடுகிறாள், விடிகாலை மூன்று மணிக்கு எப்படி வீடு திரும்புகிறாள் என்பதற்கு ஒரு காட்சியும் இருக்காது. கிளப் வாசலில் காவல் நிற்கும் பவுன்சர் பாடு இன்னும் மோசம், நாயகனிடம் அடி வாங்குவதற்கென்றே வருவார்.

வேலையை வேலையாகவே காட்டிய படம் என்றால், மிகியோ நருசே 1960-இல் எடுத்த 'ஒரு பெண் மாடிப்படி ஏறும்போது' என்ற ஜப்பானியப் படத்தைச் சொல்வேன். டோக்கியோவின் கின்சாவில் ஒரு பாரைக் கவனித்துக்கொள்ளும் கேய்கோ என்ற விதவையாக ஹிடெகோ தகாமினே நடித்திருப்பார். மாலையானால் அந்தப் பாருக்கு ஏறும் படிகளே அவருக்கு வெறுப்பு. வசூலாகாத பாக்கி, தொழிலுக்காக வாங்கியே தீர வேண்டிய கிமோனோ உடை, வீட்டார் கேட்கும் பணம் எல்லாம் படத்தில் கணக்காகவே வரும். நடுவில் கேய்கோ வயிற்றுப்புண்ணால் படுத்துவிடுவார். அந்த இடத்தில் என் நோயாளிதான் நினைவுக்கு வந்தார்.

அவர் மறைத்தது மது மட்டுமல்ல. கால்வலிக்காகத் தினமும் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். சாதாரணமாகக் கிடைக்கும் வலி மாத்திரைகள் பலவும் இரைப்பையின் உட்புறத்தை அரிக்கக்கூடியவை. மதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். உண்மையான வேலையைச் சொல்லியிருந்தால், முதல் நாளே அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டிருப்பேன்.

அப்புறம் சத்தம். படத்தில் நைட் கிளப் நடுவே காதலர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொள்வார்கள். நிஜத்தில் காதருகே கத்த வேண்டும். சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். இத்தகைய இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. அதுவும் கேட்க வருபவர்களை மனதில் வைத்துச் சொன்னது. வாடிக்கையாளர் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். பரிமாறுபவரும் டிஜேயும் இரவு முழுக்க, வாரம் முழுக்க அங்கேதான்.

இரவு வேலை செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை கிளாஸ், என்னென்ன மாத்திரை, எவ்வளவு நேரம் சத்தத்தில் இருக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். அதை ரகசியமாகக் காப்பது எங்கள் கடமை. சக மருத்துவர்களே, அந்தப் பதிலைக் கேட்கும்போது நம் முகம் மாறக் கூடாது. மாறினால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

அந்தப் பெண் வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். பார் கவுன்டரில் இருப்பவரிடம் பேசி, தன் கிளாஸில் மட்டும் பழச்சாறு ஊற்ற ஏற்பாடு செய்துகொண்டார். எரிச்சல் குறைந்திருக்கிறது. காதில் இரைச்சல் மட்டும் இன்னும் இருக்கிறது. அடுத்த வாரம் செவித்திறன் பரிசோதனைக்கு வருகிறார்.