பன்றியின் கேடயமும் சுழலும் குண்டும்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்றரை ஏக்கரில் கடலை போட்டிருக்கிறார், காய் பிடிக்கும் நேரத்தில் ஒரே ராத்திரியில் பாதி வயலைக் காட்டுப்பன்றிகள் உழுது போட்டுவிட்டன. அவர் கேள்வியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். "எங்க பெரியப்பா ஒரு தடவை இரட்டைக்குழல் துப்பாக்கியால நாற்பது தப்படி தூரத்துல ஒரு கிழட்டு ஆண் பன்றியைச் சுட்டார். பட்டதை நாங்க கண்ணால பார்த்தோம். உதறிட்டுக் கருவேலங்காட்டுக்குள்ள ஓடிடுச்சு. வெளிநாட்டு வீடியோவுல இருநூறு மீட்டர்ல இருந்து ரைஃபிள்ல ஒரே குண்டு, அந்த இடத்துலயே விழுந்திடுது. ஊர்ல கேட்டா கிழட்டுப் பன்றிக்குக் குண்டுக்கட்டு உண்டு, குண்டு துளைக்காது, கருப்பர் காவல்ங்கறாங்க. என்னதான் காரணம்? ரைஃபிள் இருந்தா எங்க ஊர்த் தொல்லை தீருமா?"

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பன்றி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு, நாமாகச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட உத்தரவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடிக்கலாம், மூன்று கிலோமீட்டருக்கு வெளியே சுடலாம், அதுவும் வனத்துறைக்காரர்கள் மட்டும். பெரியப்பா துப்பாக்கி பீரோவிலேயே இருக்கட்டும்.

இப்போது குண்டுக்கட்டு. கருப்பரைக் கும்பிட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் அந்தப் பன்றியைக் காத்தது அதன் தோளிலேயே இருக்கிறது. ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று மோதும்போது பக்கவாட்டில் நின்று கோரைப்பல்லால் தோளைக் கிழிக்கும். அந்த வெட்டைத் தாங்குவதற்கென்றே தோள்பட்டையிலிருந்து பின்பக்கம் வரை தோலுக்கு அடியில் ஒரு கெட்டியான படலம் வளர்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை தடிக்கும். வேட்டைக்காரர்கள் இதைக் கேடயம் என்றே சொல்வார்கள். வயதாக ஆக ஆண் பன்றிக்கு இது இறுகிக்கொண்டே போகும், அதனால்தான் ஊரில் கதை "கிழட்டுப் பன்றி" என்று சரியாகச் சொல்கிறது. பார்த்தவர்கள் பார்த்தது உண்மை, காரணத்தை மட்டும் தப்பாகப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தப்பான காரணத்தை நம்பி மந்திரித்த ரவைக்கு (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஈய உருண்டைகள்) காசு கொடுக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, பெரியப்பா சுட்டது என்ன? 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை சரியாக நுழையும் குழாய் என்று அர்த்தம், அவ்வளவுதான். உள்ளே வழவழப்பான குழாய். தோட்டாவில் 32 கிராம் ரவை இருப்பதாக வையுங்கள், நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த அரை எம் வி ஸ்கொயர் போட்டால் 2,560 ஜூல் வருகிறது, குறைந்த ஆற்றல் இல்லை. ஆனால் அது பங்கு பிரிந்துவிட்டது. ஒரு கிராம் ரவைக்கு 80 ஜூல்தான் பங்கு. பன்றிக்குப் போய்ச் சேர்வதற்குள் காற்று அதிலும் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும், ஏனென்றால் சின்ன உருண்டை சீக்கிரம் வேகம் இழக்கும். மிச்சத்தைக் கேடயம் வாங்கிக்கொண்டது.

ரைஃபிள் பங்கு பிரிப்பதில்லை. வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் முப்பது-நாட்-சிக்ஸ் ரைஃபிளில் ஒரே குண்டு, பன்னிரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு, நொடிக்கு சுமார் 820 மீட்டர். கணக்குப் போட்டால் 3,900 ஜூல். வழியில் காற்று கொஞ்சம் பிடுங்கினாலும் மிச்சம் முழுவதும் சுண்டுவிரல் நுனியை விடச் சிறிய, எட்டு மில்லிமீட்டர்கூட வராத ஒரு வட்டத்தில் இறங்குகிறது. போதாததற்கு வேட்டைக் குண்டின் மூக்கு மெத்தென்ற ஈயம், உடம்புக்குள் போனதும் காளான் போல விரிந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமாகிவிடும். பன்றியின் இதயம் நாம் நினைப்பதை விடக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. உடம்பின் நடுவைப் பார்த்துச் சுட்டால் குடலில்தான் படும், பன்றி புதருக்குள் போய் நாள்கணக்கில் கிடந்து சாகும். அதனால் ஒரு சாண் தப்பினாலும் தப்புதான்.

அந்த ஒரு சாணுக்குள் இருநூறு மீட்டரிலிருந்து எப்படி அடிக்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உருண்டைக் குண்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. நீளமான, கூரான குண்டுக்கு உண்டு, தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. காற்று அழுத்தும் புள்ளி குண்டின் எடை மையத்துக்கு முன்னால் விழுகிறது, ஆகவே மூக்கு ஒரு மயிரிழை மேலே தூக்கினால் போதும், காற்று அதை இன்னும் தூக்கிக் குப்புறக் கவிழ்த்துவிடும். அம்புக்குப் பின்னால் இறகு இருப்பதால் காற்று வாலைப் பிடித்து நேராக்கிவிடுகிறது. குண்டுக்கு இறகு கட்ட முடியாது. அதற்குப் பதிலாகச் சுழற்றிவிடுகிறார்கள்.

எப்படிச் சுழற்றுகிறார்கள் என்பதற்கு நம் வீட்டு அச்சையே பாருங்கள். தேன்குழல் அச்சில் துளை வழவழவென்று இருக்கும், மாவும் அப்படியே வரும். முள்ளு முறுக்கு அச்சில் துளை ஓரத்தில் பல் இருப்பதால் மாவில் நெடுக வரி விழும். பன்னிரண்டு போர் குழாய் தேன்குழல் அச்சு, ரைஃபிள் குழாய் முள்ளு முறுக்கு அச்சு. ஒரே வித்தியாசம், ரைஃபிளில் அந்த வரிகள் நேராக ஓடாமல் திருகாணி போல வளைந்து ஓடுகின்றன. தச்சர்கள் காடி என்பார்களே, அந்த மாதிரி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழக் காடி. குண்டின் செம்பு உறை காடிக்குள் கடித்துக்கொண்டு போவதால் வேறு வழியில்லாமல் திரும்பிக்கொண்டே வெளியே வருகிறது. ரைஃபிள் என்ற பெயரே இந்தக் காடி எடுக்கும் வேலையிலிருந்து வந்ததுதான்.

நான் சொன்ன ரைஃபிளில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழாய் இருபத்து நான்கு அங்குலம். அப்படியானால் குழாய்க்குள் குண்டு மொத்தம் சுற்றுவது இரண்டரைச் சுற்றுகூட இல்லை! ஆனால் வெளியே வரும்போது நொடிக்கு 820 மீட்டர் வேகம், பத்து அங்குலம் என்பது 25.4 சென்டிமீட்டர், வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 3,200 சுற்றுக்கு மேல் வரும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,94,000. வீட்டு மிக்ஸி முழு வேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்கு இருபதாயிரத்தைச் சுற்றித்தான். முதல் தடவை இந்தக் கணக்கைத் தாளில் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேன் என்று மூன்று முறை அடித்துத் திரும்பப் போட்டேன்.

சுழன்றால் ஏன் கவிழாது? கையை விட்டு சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. உடம்பை வலப்பக்கம் சாய்த்தால் முன்சக்கரம் தானாக வலப்பக்கம் திரும்பும். சக்கரத்தின் உச்சியில் இருக்கும் ஒரு துண்டு டயரைக் கவனியுங்கள். சாய்த்த நொடியில் அதற்கு வலப்பக்கம் ஒரு தள்ளு கிடைக்கிறது. ஆனால் அது வலப்பக்கம் நகர ஆரம்பிப்பதற்குள் சக்கரம் கால் சுற்றுச் சுற்றி அந்தத் துண்டை முன்னால் கொண்டுவந்துவிடுகிறது. உச்சியில் வாங்கிய தள்ளை முன்னால் வந்து காட்டுகிறது, அதனால் சக்கரம் சாய்வதற்குப் பதில் திரும்புகிறது. சுழலும் எந்தப் பொருளும் இப்படித்தான், தள்ளிய பக்கம் போகாது, கால் சுற்று தள்ளிப் போகும்.

இதை என் மகளுக்குக் காட்ட வளவுக்குள் ஆத்தங்குடிக் கல்லில் பம்பரம் விட்டேன். நன்றாகச் சுற்றும்போது லேசாகச் சாய்த்துத் தட்டினேன். பூமி அதைக் கீழே இழுக்கிறது, ஆனால் பம்பரம் விழவில்லை, தலையால் காற்றில் ஒரு வட்டம் போட்டது. கல்லில் ஆணி கிறுகிறுவென்று ஒரு சின்ன வளையம் கீறியது. அவள் குப்புறப் படுத்துக் கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வேகம் குறையக் குறைய வட்டம் பெரிதாகி, கடைசியில்தான் சாய்ந்தது.

பறக்கும் குண்டும் அதே பம்பரம்தான், பூமி இழுப்பதற்குப் பதில் காற்று தள்ளுகிறது. மூக்கை மேலே தள்ளினால் அது பக்கவாட்டில் போகிறது, அங்கே போனதும் காற்று வேறு பக்கம் தள்ளும், அதற்கும் கால் சுற்றுத் தள்ளி நகரும், இப்படிப் போகும் பாதையைச் சுற்றியே மூக்கு சின்னச் சின்ன வட்டம் போட்டு, வட்டங்களும் அடங்கி, நேராகப் போகிறது. முன்னோக்கிய வேகத்தைக் காற்று விரைவாகத் தின்றாலும் சுழற்சியை அவ்வளவு எளிதில் தொடமுடியாது, அதனால் போகிற தூரம் முழுக்கக் குண்டு பம்பரமாகவே இருக்கிறது. வலச்சுற்றுக் குழாயிலிருந்து போகும் குண்டு கடைசியில் ஒரு துளி வலப்பக்கம் ஒதுங்கும், தொலைவில் சுடுகிறவர்கள் அதையும் கணக்கில் வைப்பார்கள்.

நம் சீமைக்கு இது புதிதும் இல்லை. எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான வளரியை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊர்க் கோயிலில் கருப்பருக்கு முன்னால் மரத்தில் செய்த ஒரு வளரி இருக்கிறது, பிறை மாதிரி வளைந்து ஒரு முனை கனமாக இருக்கும். அதே அளவில் ஆசாரியிடம் ஒன்று செய்து வாங்கி, வற்றிக் கிடந்த கண்மாயில் எறிந்து பார்த்தேன். கட்டையை எறிவது போல எறிந்தால் இருபது அடியில் தலைகுப்புற விழுகிறது. மணிக்கட்டை வெட்டிச் சுழற்றி விட்டால் தட்டையாக விர்ரென்று மண்ணை ஒட்டிப் போகிறது. சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், கை தேர்ந்தவர் நூறு கஜத்துக்குள் குறி தப்பாமல் எறிவார் என்று எழுதி வைத்திருக்கிறார். மருது சகோதரர்களை 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கம்பெனிப் படையின் கையில் பெரும்பாலும் இருந்தது வழவழப்பான குழாய்த் துப்பாக்கி. அந்தக் குண்டு ஒழுங்காகச் சுழலாது, நூறு கஜத்தில் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது அதற்கே கஷ்டம். சுழற்சியின் அருமை நம் ஆட்கள் கையில் இருந்தது என்று நினைக்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

ரைஃபிளும் பன்றியும் இன்னோர் இடத்திலும் சந்தித்திருக்கின்றன. காடியில் குண்டு இறுக்கமாகப் போக வேண்டும், அப்போதெல்லாம் குழாயின் வாய்வழியாகக் குத்தி இறக்க வேண்டும், ஆகவே கொழுப்புத் தடவினார்கள். 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் இருப்பதாகப் பரவிய பேச்சுதான் 1857-இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. குழாய் வழவழப்பாகவே இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கு இவ்வளவு இடம் இருந்திருக்காது.

அப்புறம் அவருடைய இரண்டாவது கேள்வி, ரைஃபிளால் ஊர்த் தொல்லை தீருமா. தீராது என்றுதான் நினைக்கிறேன். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய்கள் பன்றிக்கு வீடு, நம் கடலையும் கரும்பும் சாப்பாடு, ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டி. எத்தனை பன்றி இருக்கிறது, எங்கே படுக்கிறது, எந்த மாதம் எங்கே போகிறது என்று வட்டாரவாரியாக எண்ணாமல் சுட்டுக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பது மாதிரி. அப்படி எண்ணுவதற்குப் பணம் ஒதுக்க வேண்டும், கேமராவும் இரண்டு மூன்று ஆராய்ச்சி மாணவர்களும் போதும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குச் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட ஊரைச் சுற்றியுள்ள விவசாயி, பன்றிக்கு வேலியில் கரண்ட் விட்டு அதிலேயே செத்துப்போகும் நிலை இன்னும் இருக்கிறது. தீனிக்குள் நாட்டுவெடி மறைத்து அவுட்டுக்காய் வைப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன், வாய் கிழிந்து சாவது பன்றி மட்டும் இல்லை, நாயும் மாடும் யானையும்தான். 2020-இல் பாலக்காட்டில் சூல்கொண்ட யானை செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வனத்துறைக்காரர்கள் உங்கள் வயலுக்கு வந்தால் பரண் கட்ட இடம் கேட்பார்கள், மறுக்காதீர்கள். ரைஃபிள் குண்டு தடையில்லாமல் போனால் 3 கிலோமீட்டரைத் தாண்டும், நம் பக்கம் அதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். தரையில் நின்று முப்பது மீட்டரில் இருக்கும் பன்றியின் நெஞ்சைக் குறிவைத்தால், தப்பிய குண்டு பதினோரு மீட்டர் தள்ளித் தரையை மிகச் சாய்வாகத் தொடும், கண்மாய்த் தண்ணீரில் நாம் விடும் ஓட்டாஞ்சில்லு மாதிரி எம்பிப் போய்விடும். நான்கு மீட்டர் உயரப் பரணிலிருந்து அதே பன்றியைக் குறிவைத்தால் மூன்றரை மீட்டருக்குள் இறங்கிவிடும். பரணுக்கு எதிரே உள்ள பாத்தியை முதல் நாளே உழுது வையுங்கள், செம்மண் பொலபொலவென்று இருந்தால் குண்டு எம்பாமல் அதற்குள்ளேயே நின்றுவிடும்.