வெட்டுக்கு முன்னால் கரும்பை ஏன் காயப் போடச் சொல்கிறார்கள்?

வெட்டு உத்தரவு வர ஒரு மாதம் இருக்கும்போது ஆலையின் பீல்டுமேன் வயலுக்கு வந்து, "இனிமே தண்ணியைக் குறைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். விவசாயி தலையை ஆட்டுவார், பைக் சத்தம் ஓய்ந்ததும் போய் மோட்டாரைப் போடுவார். விழுப்புரம், கடலூர் பக்கத்தில் இது ஒன்றும் ரகசியமில்லை. தண்ணீர் விட்டால் எடை நிற்கும், எடைக்குத்தான் காசு. ஆலைக்கோ எடை வேண்டாம், அதற்குள் இருக்கிற சர்க்கரைதான் வேண்டும். ரெண்டு பேர் கணக்கும் அவரவர் வரைக்கும் சரிதான். ஆனால் தண்ணீரை நிறுத்தினால் சர்க்கரை எப்படிக் கூடும்? அதைப் புரிந்துகொண்டால் கரும்பு சாகுபடியில் செய்கிற பாதி வேலைகளுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

கரும்பு புல் இனம். நெல், கோதுமை மாதிரியான மற்ற புற்கள் சம்பாதித்ததையெல்லாம் மாவுச்சத்தாக மாற்றி விதையில் போட்டு வைக்கும். கரும்பு மட்டும் தண்டிலேயே, தண்ணீரில் கரைந்த சுக்ரோஸாகவே, அதாவது நாம் சாப்பிடுகிற சர்க்கரையாகவே, வைத்துக்கொள்கிறது. நன்றாக முற்றிய கரும்பின் சாற்றில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை. ஒரு செடியின் உயிருள்ள செல் இவ்வளவு அடர்த்தியான பாகை உள்ளே வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

முதலில் இலை. வெயிலும் வெப்பமும் கூடினால் நெல் கொஞ்சம் தடுமாறும், கரும்பு கொண்டாடும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடிக்கிற ரூபிஸ்கோ என்ற என்சைம் அவ்வளவு கறாரான ஆள் இல்லை, சில சமயம் ஆக்ஸிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால், ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சம் வீணாக வெளியே போகும். வெப்பம் ஏற ஏற இந்தத் தவறு கூடும், நெல் மாதிரிப் பயிர்களில் இப்படிப் போவது கால் பங்கு வரைகூட வரும். கரும்பு இதைச் சுற்றிக்கொண்டு போகிறது. இலையின் வெளிப்பக்கச் செல்களில் ஆக்ஸிஜனைத் தொடவே தொடாத வேறொரு என்சைம் கார்பனைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக மாற்றி, நரம்பைச் சுற்றி மோதிரம் போல இருக்கிற உள் செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே அமிலம் உடைந்து கரியமில வாயு மறுபடி வெளிவருகிறது. ரூபிஸ்கோ வேலை செய்வது அந்த உள் செல்களில்தான். சுற்றிலும் கரியமில வாயு நெருக்கியடித்து நிற்பதால் ஆக்ஸிஜனைப் பிடிக்க அதற்கு வாய்ப்பே குறைவு. இந்த வழிக்கு சி4 என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்ததே கரும்பை வைத்துத்தான். ஒளிச்சேர்க்கையின் பாதையை வரைந்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961-இல் நோபல் கொடுத்தாயிற்று, எல்லாச் செடியிலும் முதலில் உருவாவது மூன்று கார்பன் பொருள்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஹவாயில் கரும்புத் தோட்டக்காரர்கள் சங்கத்தின் ஆய்வகத்தில் கோர்ட்ஷாக், ஹார்ட், பர் மூவரும் கரும்பு இலைக்குக் கதிரியக்கக் கார்பனைக் கொடுத்து, சில நொடிகளிலேயே நிறுத்திப் பார்த்தார்கள். நான்கு கார்பன் அமிலங்களில்தான் அது முதலில் தெரிந்தது. 1965-இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், அங்கேயும் ஒரு சர்க்கரைக் கம்பெனி ஆய்வகத்தில், ஹாட்ச், ஸ்லாக் இருவரும் முழுப் பாதைக்கும் விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உயிரியல் பாடப் புத்தகத்தில் தனி அத்தியாயமாகிவிட்ட ஒரு விஷயம் ரெண்டு சர்க்கரைக் கூடங்களிலிருந்து வந்தது எனக்கு எப்போதும் பிடித்த தகவல்.

சரி, இலை சர்க்கரை செய்துவிட்டது. அது செடியில் உணவைக் கடத்துகிற குழாய்கள் வழியாகக் கீழே தண்டுக்கு இறங்குகிறது. அங்கேதான் சிக்கல். இளம் கணுவிடைகளில், அதாவது ரெண்டு கணுவுக்கு நடுவிலுள்ள பகுதிகளில், இன்வர்டேஸ் என்ற என்சைம் நிறைய இருக்கும். அது வருகிற சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் வெட்டிவிடும். வெட்டிய சர்க்கரை உடனே செலவுக்குப் போகும், புதுச் செல், புது நார், புது இலை என்று. வளர்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சம்பளம் தங்காத மாதிரி. கணுவிடை நீளுவதை நிறுத்தி முற்றிய பிறகு அந்த இன்வர்டேஸ் குறையும், சுக்ரோஸ் உடையாமல் செல்களின் உட்பையில் சேர ஆரம்பிக்கும். முற்றுவது அடியிலிருந்து மேலே. அதனால்தான் அடிக்கரும்பு இனிப்பும் நுனிக்கரும்பு சப்பென்றும் இருக்கிறது, கொழுந்தாடையை மாட்டுக்குப் போடுகிறோம்.

ஆக, சர்க்கரை தங்க வேண்டுமானால் வளர்ச்சி நிற்க வேண்டும். ஒளிச்சேர்க்கை நிற்கக்கூடாது. ரெண்டையும் பிரிக்க முடியுமா? முடியும், தண்ணீரால். செல் நீளுவதற்கு உள்ளே நீரழுத்தம் தேவை. கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலே முதலில் நிற்பது நீட்சிதான். இலை சுருளும் அளவுக்குப் போகும் வரை ஒளிச்சேர்க்கை ஓரளவு நடந்துகொண்டே இருக்கும். இந்த இடைவெளிதான் கரும்பு விவசாயத்தின் மொத்த வித்தை. இலை சம்பாதிக்கிறது, தண்டு செலவழிக்கவில்லை, அப்புறம் மிச்சமெல்லாம் சாற்றில் ஏறுகிறது. ஒரேயடியாகக் காயப்போட்டு இலையெல்லாம் கருகினால் ஒளிச்சேர்க்கையும் போய்விடும், தண்டு உள்ளே பஞ்சாகி நெட்டி விடும், சேர்ந்த சுக்ரோஸும் உடைய ஆரம்பிக்கும். அதனால் பாசனத்துக்கு இடையே உள்ள நாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்துவதுதான் முறை.

இதே வேலையைக் குளிரும் செய்யும். உத்தரப் பிரதேசத்தில் நவம்பரிலிருந்து இரவுக் குளிர் கரும்பின் வளர்ச்சியைத் தானே நிறுத்திவிடுகிறது. கோலாப்பூர் பக்கம் மழை விட்ட பிறகு வறண்ட, குளிர்ந்த இரவுகள் கிடைக்கின்றன. நமக்கு? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கரும்பு முற்றுகிற நேரத்தில் வானமே பாசனம் செய்தால் பீல்டுமேன் என்ன சொல்லி என்ன? தமிழ்நாட்டு ஆலைகள் பலவற்றின் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது அரைத்த கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கிற பங்கு, 9.5 சதவீதத்தைத் தொடத் திணறுவதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வருடத்துக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கிற பயிர், கடைசியில் மட்டும் "போதும்" என்கிறது, அந்த நேரத்தில்தான் இங்கே மழை.

யூரியாவுக்கும் இதே கதைதான். நைட்ரஜன் வளர்ச்சியைத் தூண்டும், அதனால் நட்ட 30, 60, 90-ஆம் நாட்களில் மேலுரமாகக் கொடுத்து முடித்துவிடச் சொல்கிறார்கள். ஆறாம் மாதம், ஏழாம் மாதம் "கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கே" என்று ஒரு மூட்டை போட்டால் கரும்பு பச்சைப்பசேல் என்று நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும், புதுப் போத்துகள் கிளம்பும், சாறு சப்பென்று போய்விடும். ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவருக்கு இந்த நஷ்டம் கண்ணில் படாது. வெல்லம் காய்ச்சுகிறவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அதிகமான சாறு கொப்பரையில் பாகு பதம் வந்தாலும் கெட்டியாக இறுகாது, இறுகினாலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும். கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறவர்கள் எந்த வயல் கரும்பு என்று விசாரித்து வாங்குவது வீண் பிடிவாதம் இல்லை.

முற்றிவிட்டதா என்று பார்க்க, சாறு எவ்வளவு அடர்த்தி என்று காட்டுகிற கையடக்க பிரிக்ஸ் மீட்டர் இருக்கிறது. அடியில் ஒரு சொட்டு, மேலே ஒரு சொட்டு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 18-20க்கு மேல் என்றால் வெட்டலாம். மேலே ரொம்பக் குறைவு என்றால் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்தக் கருவி கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், அதில் சுக்ரோஸ் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. வெட்டி மூன்று நாள் காய்ந்த கரும்பில் பிரிக்ஸ் ஏறியே இருக்கும், சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

ஏனென்றால் வெட்டிய நொடியிலிருந்து கணக்கு தலைகீழ். மேலிருந்து சர்க்கரை வரத்து நின்றுவிட்டது. செல்கள் மூச்சு விடச் சர்க்கரையைச் செலவழிக்கின்றன, அடங்கிக் கிடந்த இன்வர்டேஸ் மறுபடி தலைதூக்கி சுக்ரோஸை வெட்டுகிறது. வெட்டிய முனை வழியாக லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா புகுந்து சுக்ரோஸை டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக மாற்றுகிறது. ஆலையில் இந்தப் பிசின் சாற்றைக் கொழகொழவென்றாக்கி வடிகட்ட விடாமல் செய்யும், படிகங்களையும் ஊசி மாதிரி நீளமாக்கிவிடும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டும் என்பது அதனால்தான். வெட்டாள் கிடைக்காமல் ரெண்டு நாள், ஆலை வாசலில் வரிசையில் இன்னும் ரெண்டு நாள் என்று லாரியில் வெயிலில் நிற்கிற கரும்பில், பத்து மாதம் சேர்த்தது கசிந்துகொண்டிருக்கிறது.

இந்த நஷ்டம் யாருடையது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த எஃப்.ஆர்.பி, அதாவது ஆலைகள் கரும்புக்குக் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்ச விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு டன் 3,550 ரூபாய், 9.5-உம் அதற்குக் கீழும் என்றால் 3,290 ரூபாய் 50 காசு. ஆனால் அந்தச் சதவீதம் ஆலையின் மொத்தச் சராசரி, உங்கள் வயலுடையது இல்லை. நீங்கள் தண்ணீரை நிறுத்தி இனிப்பை ஏற்றினாலும், பக்கத்து வயல்காரர் கடைசி நாள் வரை பாய்ச்சினாலும் டன்னுக்கு ஒரே விலை, அவருக்கு எடையும் கூட. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு விவசாயியின் லோடிலும் சர்க்கரை அளந்து அதற்குத் தக்க விலை கொடுக்கிறார்கள். இங்கே அப்படி அளக்காத வரை மோட்டார் ஓடத்தான் செய்யும். இதில் விவசாயியின் அறியாமை எதுவும் இல்லை.

விதைக்கரும்புக்கு மட்டும் இத்தனையும் எதிர்மாறு. நன்றாக முற்றிய, தேனாக இனிக்கிற கரும்பை பருவோடு துண்டுகளாக வெட்டிக் கரணை போட்டால் முளைப்பு மந்தமாகத்தான் இருக்கும். முளைக்கிற பருவுக்கு உடனே செலவழிக்கத்தக்க குளுக்கோஸும், நைட்ரஜனும், ஈரமும் வேண்டும். அதெல்லாம் இருப்பது ஆறிலிருந்து எட்டு மாத இளம் கரும்பில். முழுக் கரும்பை அப்படியே சாலில் புதைத்தால் நுனிப் பக்கத்துப் பருக்கள் முந்திக்கொண்டு, அடியில் இருப்பவற்றை ஆக்ஸின் என்ற ஹார்மோன் மூலம் அடக்கிவிடும். இருபருக் கரணையாக நறுக்கியதும் அந்த அடக்குமுறை போய் எல்லாப் பருவும் எழுந்துகொள்கின்றன. பருவை மட்டும் சீவியெடுத்துக் குழித்தட்டில் நாற்று விட்டு, 5 அடிக்கு 2 அடியில் நட்டால் ஏக்கருக்கு 4,500 நாற்றுக்குள் முடிந்துவிடும். டன் கணக்கில் விதைக்கரும்பு வாங்குகிற செலவு மிச்சம்.

ரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பொங்கலுக்குக் கடிக்கிற செங்கரும்பு மெத்தென்று, சாறு நிறைந்து இருக்கும். சர்க்கரை ரகங்களின் பழைய மூதாதைகளும் நியூகினி பக்கத்தைச் சேர்ந்த அப்படிப்பட்ட மென்கரும்புகள்தான், நோய் வந்தாலோ வறட்சி வந்தாலோ தாங்காதவை. 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இந்த மென்கரும்பை உள்ளூர்க் காட்டு நாணலோடு கலந்தார்கள். கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே கரும்பு பூத்து விதை பிடிக்கும் என்பது. 1918-இல் வந்த கோ 205 ரகம் பஞ்சாபுக்குப் போனது. இன்றைக்குத் தென்னிந்தியாவில் அதிகம் நிற்கிற கோ 86032-உம் அதே நிலையத்தின் பிள்ளை. மென்கரும்பு இனிப்பைக் கொடுத்தது, நாணல் கொடுத்தது தூர் கட்டுகிற வெறியையும், வெட்ட வெட்டத் துளிர்க்கிற குணத்தையும்.

அந்தக் குணத்தால்தான் கட்டைக்கரும்பு, அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி துளிர்த்து வளர்கிற பயிர். அறுவடையில் வெட்டாள் குனிய அலுத்துக்கொண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டினால் ரெண்டு வகையில் நஷ்டம். இருப்பதிலேயே இனிப்பான கணுக்கள் மண்ணோடு போகும், அப்புறம் மண்ணுக்கு மேலே நிற்கிற பருக்கள் முதலில் முளைத்து, வேர் பிடிக்க இடமில்லாமல் சோப்ளாங்கிப் போத்துகளாகத் தொங்கும். ஒரு வாரத்துக்குள் கட்டையைத் தரை மட்டத்துக்குச் சீவிவிட்டால் மண்ணுக்குள் இருக்கிற பருக்கள் எழும், அவை தாமே வேர் விடும். முதல் சில வாரம் பழைய வேரே சோறு போடும் என்பதால் நடவுப்பயிரைவிட வேகமாக எழுந்து, ஒரு மாதம் முன்னாடியே முற்றிவிடும். பருவத் தொடக்கத்தில் ஆலைகள் கட்டைக்கரும்பை முதலில் அரைப்பதற்கு இதுதான் காரணம்.

கட்டைக்கு உரம் கால் பங்கு கூடுதலாக, அதுவும் முன்கூட்டியே வேண்டும். காரணம் தரையில் கிடக்கிற சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலைகள். அதைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்கு மண்ணிலிருக்கும் நைட்ரஜனை முதலில் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். மஞ்சளைப் பார்த்ததும் பலர் அடுத்த வருடம் சோகைக்குத் தீ வைத்துவிடுகிறார்கள். தீயில் நைட்ரஜன் அநேகமாக முழுக்கப் புகையாகிவிடும், மண்ணுக்கு மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல்தான். ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்பி, முதல் தவணை யூரியாவைக் கட்டை சீவிய கையோடு போட்டால் அந்த மஞ்சள் தெளிந்துவிடும்.